ஆவிக்குரிய போராட்ட நாவல்கள்: புதிய வாசகருக்கு ஓர் எளிய விளக்கம்

ஆங்கிலக் கிறிஸ்தவப் புனைகதைகளில், ஆவிக்குரிய போராட்டத்தை மையமாகக் கொண்ட சஸ்பென்ஸ் நாவல்கள் ஏறத்தாழ 40 ஆண்டுகளாகத் தனி வகையாக நிலைபெற்றிருக்கின்றன. கொங்கு நாட்டுச் சபைகளிலும் வாசகர்களிடையேயும் அவற்றைப் பற்றிப் பேச்சு எழும்போது மூன்று கருத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை கிறிஸ்தவப் பெயர் சூட்டிய பேய்க்கதைகள் என்பது ஒன்று. காணப்படாத உலகம் எப்படி இயங்குகிறது என்பதற்கு அவை நம்பகமான வழிகாட்டி என்பது இன்னொன்று. பிற சமயத்தாரைப் பிசாசின் ஆட்களாகக் காட்டுவதற்கே அவை எழுதப்படுகின்றன என்பது மூன்றாவது. இந்த மூன்று கருத்துகளுக்கும் இடம் கொடுத்த நாவல்கள் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் மூன்றுமே இவ்வகையின் உள்ளியக்கத்தைத் தவறவிடுகின்றன. ஒரு சாதாரண மனிதர் யாரும் பார்க்காத நேரத்தில் எடுக்கப்போகும் சிறிய முடிவில்தான் இக்கதைகளின் அச்சம் முழுவதும் தங்கியிருக்கிறது; பிசாசின் உருவத்துக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு. அது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஆவிக்குரிய போராட்டம் என்பது என்ன?

கடவுளின் நோக்கத்தை எதிர்க்கும் காணப்படாத தீய சக்திகள் உண்டு என்றும், அவற்றின் தூண்டுதலுக்கு இணங்காமல் நிற்பது விசுவாசியின் அன்றாடக் கடமை என்றும் கிறிஸ்தவம் போதிக்கிறது. அந்த நிற்றலுக்குத்தான் ஆவிக்குரிய போராட்டம் என்று பெயர். இதற்கு அடிப்படையாகப் பெரும்பாலும் காட்டப்படும் பகுதி எபேசியர் நிருபத்தின் 6ஆம் அதிகாரம். அங்கே பவுல் ஒரு போர்வீரனின் சர்வாயுதவர்க்கத்தை வரிசையாகச் சொல்கிறார்: சத்தியம் என்னும் கச்சை, நீதி என்னும் மார்க்கவசம், சமாதானத்தின் சுவிசேஷத்துக்குரிய பாதரட்சை, விசுவாசம் என்னும் கேடகம், இரட்சணியம் என்னும் தலைச்சீரா (தலைக்கவசம்), தேவவசனமாகிய பட்டயம். இவற்றில் பட்டயம் ஒன்றைத் தவிர ஏனைய அனைத்தும் உடுத்துவதற்கும் தற்காப்புக்கும் உரியவை. அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் கட்டளையும் ‘நில்லுங்கள்’ என்பதே. பாய்ந்து தாக்கச் சொல்லும் பகுதி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கும் இந்த வேதபகுதி, உண்மையில் சாயாமல் நிற்கச் சொல்கிறது. நாவல்களைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

இந்தப் போராட்டத்தையே கதைக்களமாக்கி, மனிதர் நடமாடும் தளம் ஒன்று, தேவதூதரும் பிசாசுகளும் நடமாடும் தளம் ஒன்று என இரு தளங்களில் கதையை நகர்த்தும் புனைவே ஆவிக்குரிய போராட்ட நாவல்.

வாய்க்காலும் கிணறும்

பவானிசாகர் அணையில் மதகு திறந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால், அது ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களின் நிலங்களுக்குப் பாய்கிறது. வாய்க்கால் தண்ணீர் நேரடியாகப் பாயாத தோட்டங்களிலும் சில வாரங்களில் கிணற்று ஊற்று ஏறுவதைக் கரையோரத்து விவசாயிகள் நன்கு அறிவார்கள். மண்ணுக்குள் ஊறிச் சென்ற கசிவுநீர் அது. கிணற்றடியில் நிற்பவருக்குத் தெரிவது நீர்மட்டம் உயர்ந்தது மட்டுமே. மதகைத் திறந்த கையும் மண்ணுக்குள் நீர் நகர்ந்த வழியும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சாதாரண நாவல் கிணற்றடியில் நின்று கதை சொல்கிறது. ஆவிக்குரிய போராட்ட நாவலோ கிணறு, மண்ணடி நீரோட்டம், மதகு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உயரத்தில் வாசகரை நிறுத்துகிறது. பாத்திரங்கள் மட்டும் கிணற்றடியிலேயே இருக்கிறார்கள். இந்த ஒப்புமை பொருந்தாத இடம் ஒன்றும் உண்டு. வாய்க்கால் நீர் மேலிருந்து கீழ்நோக்கியே பாயும். இந்த நாவல்களில் கீழே இருப்பவர் சொல்லும் ஒரு பொய்யோ செய்யும் ஒரு ஜெபமோ மேல்தளத்தின் போக்கையும் மாற்றுகிறது. கதையின் விசை முழுவதும் இந்த இருவழிப் பிணைப்பிலிருந்துதான் பிறக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்: தளங்கள் இரண்டு, இரண்டையும் இணைக்கும் கீல் மனிதரின் தெரிவு, அந்தக் கீல் அசைவதை முழுமையாகக் காண்பவர் வாசகர் ஒருவரே.

விதை வேதாகமத்தில் இருக்கிறது

இந்தக் கதையமைப்பை இக்கால நாவலாசிரியர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. யோபு புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோக சபையில் சாத்தான் யோபின் பக்தியைக் கேள்விக்குள்ளாக்குகிறான். அவனுக்கு ஓர் எல்லைவரை அனுமதி கொடுக்கப்படுகிறது. வாசகருக்கு இது தெரியும். யோபுக்குத் தெரியாது. மந்தைகளும் பிள்ளைகளும் உடல்நலமும் போனபின் அவர் சாம்பலில் உட்கார்ந்து ஏன் என்று கேட்கிறார். நண்பர்கள் வந்து தவறான காரணங்களை அடுக்குகிறார்கள். 42 அதிகாரங்களின் முடிவில் இழந்தவை இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தபோதும், தொடக்கத்தில் மேலே நடந்த உரையாடல் அவருக்குச் சொல்லப்படுவதேயில்லை. இந்த மௌனத்தைக் கவனிக்காமல் யோபு புத்தகத்தைக் கடந்துபோகிறவர்கள் இந்த நாவல்வகையையும் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து. தனக்குத் தெரியாத ஒரு காரணத்துக்காகத் துன்பப்படும் மனிதர் அந்தத் தெரியாமையோடேயே நிலைத்து நிற்பாரா என்பதுதான் அங்கே கேள்வி.

தானியேல் 10ஆம் அதிகாரம் இன்னும் நேரடியானது. தானியேல் மூன்று வாரம் நல்ல உணவைத் தவிர்த்துத் துக்கத்தோடு ஜெபிக்கிறார், பதில் வருவதில்லை. பிறகு வந்த தூதன், முதல் நாளிலேயே ஜெபம் கேட்கப்பட்டது என்றும், பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி 21 நாள் தன்னை எதிர்த்து நின்றான் என்றும், தேவதூதன் மிகாவேல் உதவிக்கு வந்தான் என்றும் சொல்கிறான். அந்த 21 நாளும் தானியேலுக்குத் தெரிந்திருந்தது மௌனம் மட்டுமே. இரண்டாம் இராஜாக்கள் 6ஆம் அதிகாரத்தில், தோத்தான் ஊரைச் சீரியப் படை சூழ்ந்தபோது அஞ்சிய வேலைக்காரனின் கண்கள் அவன் எஜமானாகிய எலிசா தீர்க்கதரிசியின் ஜெபத்தால் திறக்கப்பட, மலை முழுவதும் அக்கினிமயமான குதிரைகளையும் இரதங்களையும் அவன் காண்கிறான். நாவலாசிரியர்கள் செய்வதெல்லாம் அந்த வேலைக்காரனுக்கு ஒரு கணம் கிடைத்த பார்வையை வாசகருக்கு 300 பக்கம் நீட்டித்துக் கொடுப்பதுதான்.

முடிவு தெரிந்த கதையில் சஸ்பென்ஸ் எப்படி?

சஸ்பென்ஸ் என்பது எதிர்பாராத திருப்பத்தால் வரும் திடுக்கிடலிலிருந்து வேறுபட்டது. வரப்போகும் ஆபத்தை வாசகர் அறிந்திருந்து, பாத்திரம் அறியாமல் அதை நோக்கி நடக்கும்போது எழும் பதைப்பே சஸ்பென்ஸ்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கிறிஸ்தவ விசுவாசத்தின்படி சாத்தான் கடவுளுக்கு நிகரான எதிர்க்கடவுள் இல்லை. அவன் படைக்கப்பட்டவன், எல்லைக்குட்பட்டவன், இறுதித் தோல்வி உறுதி செய்யப்பட்டவன். வெளிப்படுத்தின விசேஷம் அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறது. போரின் முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது வாசகர் எதற்காகப் பதற வேண்டும்?

கொங்கு நாட்டாருக்கு இதற்கான விடை பழக்கமானது. உடுக்கையடித்துப் பாடப்படும் அண்ணமார் சுவாமி கதையைக் கேட்க உட்காரும் ஒவ்வொருவருக்கும் அண்ணன் தம்பியாகிய பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழப்போவது தெரியும். தாய் தாமரை சிவனை நோக்கித் தவமிருந்து பெற்ற பிள்ளைகள் அவர்கள் என்பதும், மாயவராகிய திருமால் பலமுறை வந்து கதையின் போக்கில் கைவைக்கிறார் என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் விடிய விடிய உட்கார்ந்து கேட்கிறார்கள். படுகளக் கட்டம் வரும்போது கண் கலங்குகிறார்கள். மேலே தெய்வங்களின் ஏற்பாடும் கீழே மனிதரின் வீரமும் ஒருங்கே நடக்கும் கதை இந்த மண்ணுக்குப் புதிதன்று. இரண்டு மரபுகளின் இறையியலும் வேறு வேறு. அதை நான் கலக்கவில்லை. கதை கேட்கும் பயிற்சி மட்டும் பொதுவானது. போரின் முடிவு தெரிந்திருந்தாலும், இந்த மனிதர் இந்த இரவில் எப்படி நடந்துகொள்வார் என்பது கேட்பவருக்குத் திறந்த கேள்வியாகவே இருக்கிறது.

உள்ளிருந்து மட்டுமே திறக்கும் வாசல்

இவ்வகையின் முன்னோடிகளில் மிகத் தெளிவானவர் ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யன். 1682இல் வெளிவந்த அவருடைய ‘புனிதப் போர்’ என்னும் உருவகக் கதையில், மனித ஆத்துமா ஒரு கோட்டை நகரமாக வருகிறது. அதற்குச் செவி, கண், வாய், நாசி, தொடுவுணர்வு என ஐந்து வாசல்கள். அந்த வாசல்களை வெளியிலிருந்து எந்தப் படையாலும் உடைக்க முடியாது. உள்ளிருப்பவர்கள் சம்மதித்தால் மட்டுமே அவை திறக்கும். ஆகவே எதிரி செவி வாசலுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுக்கிறான். முழு நாவல்வகையின் இலக்கணமும் இந்த ஓர் ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. பேய்க்கதையில் பேய் அறைந்துவிடும், ஏறிக்கொள்ளும். மனிதரின் சம்மதம் அங்கே பொருட்டே இல்லை. இங்கே சம்மதம்தான் களம்.

பன்யனின் மற்றொரு நூலாகிய ‘மோட்சப் பயண’த்தைத் தழுவி, எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகத்தைக் காப்பியமாக 1894இல் வெளியிட்டார். பயணியின் வழியில் நிற்கும் எதிரிகளையும் சோதனைகளையும் கம்பனின் நடையில் தோய்ந்த தமிழில் நாம் அப்போதே படித்துவிட்டோம். இந்த வகையை முற்றிலும் அயல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

1986இல் என்ன நடந்தது?

இன்றைய வடிவத்தை நிலைநிறுத்தியது அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் பெரெட்டி 1986இல் வெளியிட்ட ‘திஸ் பிரசன்ட் டார்க்னஸ்’ என்னும் நாவல். அமெரிக்காவில் கல்லூரி ஒன்று இருக்கும் ஒரு கற்பனைச் சிற்றூரில், ஒரு போதகரும் உள்ளூர்ச் செய்தித்தாளின் ஆசிரியரும் தனித்தனியாக ஒரு சதியின் தடயங்களைக் காண்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் அதே தெருக்களின்மேல் தூதர்களும் பிசாசுகளும் அணிவகுக்கிறார்கள். தொடக்கத்தில் மெதுவாக விற்ற அந்நூல், படித்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச்சொல்லி 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. பெரெட்டியின் முக்கியமான உத்தி, விசுவாசிகள் ஜெபித்தால் தூதர்களின் பலம் கூடும், ஜெபம் தளர்ந்தால் குறையும் என்று வைத்தது. இதனால் களைத்துப்போன ஒரு மூதாட்டி முழங்காலில் நிற்பதுகூடச் சண்டைக்காட்சியின் ஒரு பகுதியாகிவிட்டது.

திருப்பூரில் இப்படியொரு கதை நடந்தால்

இயக்கத்தை நேரில் பார்க்க ஓர் எளிய கதையைக் கற்பனை செய்துகொள்வோம். திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்தும், ஞாயிறுதோறும் சபைக்குப் போகும் ஒருவர். ஆர்டர் ரத்தாகி, ஃபைனான்ஸ் தவணை நிற்கிறது. கட்டிங் மெஷினில் ஒரு தொழிலாளியின் விரல்கள் போய்விட்டன. அந்த ஆள் நம் கம்பெனியில் வேலையே செய்யவில்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் இழப்பீட்டிலிருந்து தப்பிவிடலாம் என்கிறார் கணக்குப் பார்ப்பவர். தாள் மேசைமேல் இருக்கிறது. காலை 10 மணிக்கு அதைக் கொடுத்தாக வேண்டும்.

மேல்தளத்தில், அவருடைய தோளருகே நிற்கும் பொய்யின் ஆவிக்கு நகமும் கொம்பும் தேவைப்படவில்லை. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தை அவருக்கு நினைவூட்டுகிறது. எல்லோரும் செய்வதுதானே என்கிறது. அதே நேரத்தில் தாராபுரத்தில் அவருடைய தாய் விடியலுக்கு முன் காரணம் தெரியாமல் விழித்துக்கொள்கிறார். மகனின் சிக்கல் அவருக்குத் தெரியாது. முழங்கால் வலி, எழுந்து ஜெபிப்பதா, புரண்டு படுப்பதா என்று தயங்குகிறார். இப்படிப் பிறருக்காகக் கடவுளிடம் வேண்டுவதற்கு மன்றாட்டு ஜெபம் என்று பெயர். வாசகர் மகனின் பேனாவையும் தாயின் தயக்கத்தையும் மாறிமாறிப் பார்க்கிறார். இந்தக் காட்சியில் எங்கும் பேய் அலறவில்லை, விளக்கு அணையவில்லை. இருந்தும் பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தாய் ஜெபித்தாலும் மகனின் கையை யாரும் பிடித்து நிறுத்திவிட முடியாது. முடிவை அவர்தான் எடுக்க வேண்டும். அப்படி நிறுத்திவிடும்படி எழுதினால் நாவல் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

இதுவரை பார்த்தவற்றின் சாரம்: ஆபத்து வாசகருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது, எதிரி வற்புறுத்த முடியாது, இணங்கவைக்கவே முடியும், சஸ்பென்ஸ் அந்த இணக்கத்தைச் சுற்றியே கட்டப்படுகிறது.

நாவல் வரைபடம் ஆகாது

ஒவ்வோர் ஊரையும் நாட்டையும் ஆளும் குறிப்பிட்ட பிசாசு உண்டு, அதன் பெயரை அறிந்து அதற்கு எதிராக ஜெபிக்க வேண்டும் என்னும் கருத்து, பிராந்திய ஆவிகள் என்னும் பெயரில் 1990களில், பரிசுத்த ஆவியின் வரங்களை வலியுறுத்தும் பெந்தெகொஸ்தே, கரிஸ்மாட்டிக் வட்டாரங்களில் பரவியது. தானியேல் 10ஐ இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த அதிகாரத்தில் தானியேல் எந்த ஆவியின் பெயரையும் சொல்லி எதிர்க்கவில்லை. அப்படியொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. இதை எடுத்துக்காட்டி அக்கருத்தை ஏற்காத இறையியலாளர்கள் பலர். பெரெட்டியின் தூதர்கள் ஜெபத்தால் பலமடைவதும் ஒரு கதை உத்தியே. ஜெபம் என்பது கடவுளிடம் வைக்கப்படும் விண்ணப்பம் என்பதே சபைகளின் பொதுவான போதனை. எத்தனை மணி நேரம் ஊற்றினால் எவ்வளவு ஓடும் என்று கணக்கிடும் எரிபொருளாக அதை எந்தச் சபையின் விசுவாச அறிக்கையும் சொல்வதில்லை.

நாவலை வழிகாட்டியாக எடுத்துக்கொள்வதன் கேடு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. தூக்கமின்றி, காதில் குரல் கேட்டு, பயத்தில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு பிள்ளையைப் பிசாசு பிடித்தவர் என்று முடிவுகட்டி, மருத்துவரிடம் காட்டாமல் மாதக்கணக்கில் கூட்டங்களுக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குரு மட்டுமே பேயோட்டும் சடங்கை நடத்தலாம். அதற்கு முன் நோயா என்று ஆராய வேண்டும் என்றும் விதி உண்டு. மனநல மருத்துவரிடம் போவதும் ஜெபிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று இந்த நாவல்களைப் படித்து யாராவது முடிவுசெய்தால், அவர்கள் கதையையும் வேதத்தையும் சேர்த்தே தவறாகப் படித்திருக்கிறார்கள்.

எதிரி யார்?

மூன்றாவது தவறான கருத்துதான் கொங்கு நாட்டில் மிகவும் முக்கியமானது. எபேசியர் 6:12 ‘மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல’ என்று தொடங்கியே போராட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. மாம்சமும் இரத்தமும் உள்ள எவரும், அதாவது எந்த மனிதரும், அந்தப் போரில் எதிரி ஆக முடியாது. எதிரியின் பக்கம் நிற்பதாகத் தோன்றும் மனிதரும் மீட்கப்பட வேண்டியவரே. இந்த விதியை மீறும் நாவல் இலக்கியமாகத் தோற்பதற்கு முன்பே தான் சொல்லவந்த விசுவாசத்துக்குத் துரோகம் செய்துவிடுகிறது.

மேற்கத்திய நாவல்கள் சிலவற்றில் இந்த மீறல் நடந்திருக்கிறது. பிற சமயங்களிலிருந்து வந்த தியானமும் யோகமும் அவற்றில் பிசாசின் நேரடி நுழைவாயிலாகவே காட்டப்படுகின்றன; அவற்றைப் பின்பற்றுகிறவருக்கு முகமே கொடுக்கப்படுவதில்லை. அமெரிக்கச் சிற்றூரில் இருந்துகொண்டு அப்படி எழுதுவது எளிதாக இருந்திருக்கலாம். இங்கே நிலைமை வேறு. லண்டன் மிஷன் சங்கத்தின் மிஷனரி அட்டிஸ் 1830இல் கோயம்புத்தூரில் பணி தொடங்கிய காலத்திலிருந்தே இப்பகுதிக் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினராக, அண்டை வீட்டாரோடு கலந்தே வாழ்ந்துவருகிறார்கள். அதற்கும் மூத்த கத்தோலிக்கத் தலமாகிய கருமத்தம்பட்டியின் ஜெபமாலை மாதா தேர்த்திருவிழாவுக்குப் பிற சமயத்தாரும் வருகிறார்கள். கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவர் அண்ணமார் கோயிலுக்குப் பொங்கல் வைக்கும் பங்காளியாக இருப்பார். அந்த மனிதரைப் பிசாசின் கருவியாக வரைந்து ஒருவர் நாவல் எழுதினால், தன்னோடு சாப்பிட்ட முகத்தையே அவர் பார்க்கத் தவறிவிட்டார் என்பேன். மேலே சொன்ன திருப்பூர்க் கதையில் பொய்க் கையெழுத்துக்கு ஆசைப்படுகிறவர் சபைக்குப் போகிறவர்தான் என்பதையும், விரல் இழந்த தொழிலாளியின் சமயம் என்னவென்று நான் சொல்லவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். நல்ல ஆவிக்குரிய போராட்ட நாவலில் இருளின் முதல் நுழைவாயில் பெரும்பாலும் விசுவாசியின் வீட்டிலேயே இருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

இவ்வகையைப் புதிதாகப் படிக்க விரும்புகிறவர் நேராக இக்கால நாவல்களுக்குப் போக வேண்டியதில்லை. யோபு 1, 2 அதிகாரங்களையும் தானியேல் 10ஐயும் ஒரே நாளில் படித்துவிட்டு, பன்யனின் கோட்டை நகரத்துக்குப் போகலாம். தமிழ்ச் செய்யுளில் பழக்கம் உள்ளவர்களுக்கு இரட்சணிய யாத்திரிகம் காத்திருக்கிறது. உரையோடு படித்தால் சில வாரங்களில் அதன் நடை பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு 1986இன் நாவலை எடுத்தால், அதன் வேகம் எங்கிருந்து வருகிறது, அதன் குறை எங்கே இருக்கிறது என்ற இரண்டும் தாமாகவே தெரியும். வானத்தில் வாள் மோதும் பக்கங்களை விரைவாகவே கடந்துபோகலாம். யாரோ ஒருவர் பொய் சொல்வதா வேண்டாமா என்று தயங்கும் பக்கங்களை மட்டும் மெதுவாகப் படிக்க வேண்டும்.